கடன்பட்டவனுக்கும் ஒரு வக்கீல்: மதீனா முதல் மாவட்ட நீதிமன்றம் வரை

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

நம் ஊர் நீதிமன்றங்களில் அன்றாடம் புழங்கும் சொற்களைச் செவிமடுக்கும் ஒரு மத்ரஸா மாணவனுக்கு, அவற்றுள் பல தன் பாடநூலில் படித்த சொற்களாகவே தோன்றும். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், தாவா, ஜப்தி, அமீனா, பாக்கி, வசூல், ரத்து ஆகிய யாவும் அரபியில் பிறந்து, பாரசீக நிருவாக மொழியின் வழியே வந்து தமிழில் தங்கிவிட்டவை. இவற்றுள் 'வக்கீல்' என்னும் சொல் தனிச் சிறப்புடையது. ஒருவர் தம் காரியத்தை எவரிடம் நம்பி ஒப்படைக்கிறாரோ அவரே வக்கீல். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்றும் அதுவே.

ஆனால் கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்திற்கு இச்சொல் ஆறுதலைத் தருவதில்லை, அச்சத்தையே தருகிறது. கடனைத் தீர்க்க இயலாதவர் தம்மை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தை வேண்டலாம் என்று நம் நாட்டுச் சட்டம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறது. மக்கள் இதனை 'மஞ்சள் கடுதாசி கொடுத்தல்' என்றும் 'ஐ.பி. போடுதல்' என்றும் வழங்குவர். இவ்வாசலில் நுழைய வக்கீல் வேண்டும். வக்கீலுக்குக் கட்டணம் வேண்டும். கட்டணம் கொடுக்கும் நிலையில் இருப்பவர் அவ்வாசலுக்கு ஏன் வரப் போகிறார்? தம்மிடம் பணம் இல்லை என்று மெய்ப்பிப்பதற்கே பணம் தேவைப்படும் இந்த விந்தையை வரலாறு எவ்வாறு எதிர்கொண்டது, இன்று அதற்கு என்ன தீர்வு இருக்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம். அறியாமையால் வீட்டையும் மானத்தையும் இழந்தோர் பலர்; சிலர் உயிரையே இழந்திருக்கின்றனர்.

மதீனாவில் நொடித்த வணிகர்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் பழங்களை விலைக்கு வாங்கினார். அவற்றில் பேரிழப்பு நேர்ந்தது, கடன் பெருகிவிட்டது. அவருக்குத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களைப் பணித்தார்கள். மக்களும் கொடுத்தனர். ஆயினும் திரண்ட தொகை கடனை முழுவதும் அடைக்கப் போதவில்லை. அப்போது நபியவர்கள் கடன் கொடுத்தோரை நோக்கி, கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளுமாறும், அதற்கு மேல் அவர்களுக்கு உரிமை இல்லை என்றும் தெரிவித்தார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு முழுச் சட்டமே அடங்கியிருப்பதைக் காண்கிறோம். முதலாவது, சமுதாயம் கை கொடுக்கிறது. இரண்டாவது, இருப்பதைக் கடன்காரர்கள் பங்கிட்டுக்கொள்கின்றனர். மூன்றாவது, அதற்கப்பால் அவனை நெருக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அவனைச் சிறையில் அடைக்கவில்லை, அடிமையாக்கவும் இல்லை. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்க வேண்டும், கடனையே தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்று அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் வகுத்த நெறி இங்கே செயல்வடிவம் பெற்றது.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வரலாறும் இதனுடன் சேர்த்து நினைக்கத்தக்கது. கொடை உள்ளம் படைத்த அவர்கள் கடனில் ஆழ்ந்தபோது, நபியவர்கள் அவர்களின் சொத்தை முடக்கி, விற்று, கடன்காரர்களுக்குப் பங்கிட்டார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலையினரிடையே பேச்சு உண்டு. ஆயினும் நொடித்தவர் பற்றிய பாடத்தில் ஃபிக்ஹு நூல்கள் இதனை எடுத்துக்காட்டுகின்றன. நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நிகழ்ந்ததையே. அதே முஆத் (ரலி) அவர்களைத்தான் நபியவர்கள் யமன் நாட்டிற்கு ஆசானாகவும் தீர்ப்பளிப்பவராகவும் அனுப்பி வைத்தார்கள். ஐ.பி. போட்டவர் என்று ஒருவரை ஆயுள் முழுதும் ஒதுக்கி வைக்கும் நம் வழக்கத்திற்கு மதீனாவில் முன்மாதிரி இல்லை.

அதே வேளையில் பொறுப்பின்மைக்கு இஸ்லாம் இடம் தரவும் இல்லை. ஜுஹைனா குலத்தைச் சேர்ந்த ஒருவர், ஹாஜிகளுள் முந்திச் செல்லும் பெருமைக்காக வாகன ஒட்டகங்களை அதிக விலைக்கு வாங்கி வாங்கி நொடித்துப் போனார். உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன் எழுந்து அதனைக் கண்டித்தார்கள். மறுநாள் காலை கடன்காரர்கள் வந்தால் அவரது சொத்து பங்கிடப்படும் என்று அறிவித்தார்கள். கடனின் தொடக்கம் கவலை, முடிவு பூசல் என்று எச்சரித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி உள்ளது. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்னும் நபிமொழியையும் நாம் அறிவோம். ஆக, இயலாதவனுக்கு இரக்கமும், ஏய்ப்பவனுக்குக் கண்டிப்புமே மார்க்கம் வகுத்த எல்லை.

எழுதத் தெரிந்தவனின் கடமை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனமாகிய அதில் நாம் பெரிதும் கவனியாமல் கடந்துவிடும் இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது. அல்லாஹ் தமக்குக் கற்பித்தவாறு நேர்மையாக எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றொன்று, கடன்பட்டவர் விவரம் அறியாதவராகவோ பலவீனராகவோ வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருப்பின், அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதியுடன் வாசகம் சொல்ல வேண்டும்.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். கல்வி அறிவுடையோர் அருகிய ஒரு சமூகத்தில், எழுத்தறிவு என்பது அதை உடையவரின் தனிச்சொத்து அன்று, அறியாதவருக்குச் செலுத்த வேண்டிய கடன் என்று வேதம் அறிவிக்கிறது. பேச இயலாத கடனாளிக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதையும் ஏற்கிறது. அலீ (ரலி) அவர்கள் வழக்குகளில் தாமே நேரில் வாதிடுவதை விரும்பாமல் முதலில் தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அவர் முதுமையடைந்த பின் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களையும் வக்கீலாக நியமித்ததாக வரும் செய்தியைக் கொண்டே, வழக்காட ஒருவரை வக்கீலாக்கலாம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சட்டம் எடுத்தனர். இலவசச் சட்ட உதவி என்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

இரு மத்ஹபுகள், ஒரு நோக்கம்

மத்ரஸாவில் 'தஃப்லீஸ்', அதாவது நொடித்தவராக அறிவித்தல் என்னும் பாடத்தை நடத்தும்போது, மாணவர்கள் கருத்து வேற்றுமை ஒன்றைக் கண்டு வியப்பர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அறிவு முதிர்ந்த ஒரு மனிதரின் சொத்தாளும் உரிமையைக் கடனுக்காகக் காழி பறிக்கலாகாது என்றார்கள். அது அவரது மனிதத் தகுதியைக் குறைப்பதாகும் என்பது அவர்களின் கருத்து. வசதியிருந்தும் மறுப்பவர் தாமே விற்றுக் கொடுக்கும்வரை தடுத்து வைக்கலாம் என்று மட்டும் அனுமதித்தார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும், இமாம் மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் (ரஹ்) ஆகியோரும், கடன்காரர்கள் கோரினால் காழி சொத்தை முடக்கிப் பங்கிடலாம் என்றனர்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஓதப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதை இன்னும் நுணுக்கமாக விவரிக்கின்றார்கள். சொத்துகள் பங்கிடப்படும் நாள் வரை நொடித்தவருக்கும் அவரை நம்பியிருப்போருக்கும் செலவுக்குக் கொடுக்க வேண்டும். அவரது நிலைக்குத் தகுந்த உடை விடப்பட வேண்டும். உடுத்திய ஆடையையும் உருவிக்கொள்ளும் உரிமை எந்தக் கடன்காரருக்கும் இல்லை. இன்றைய இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடுக்கும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்கிறது. காலமும் நாடும் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

கடன் சிறையும் வெள்ளையர் சட்டமும்

இங்கிலாந்தில் கடனாளிகளை அடைப்பதற்கென்றே சிறைகள் இருந்தன. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824ஆம் ஆண்டில் லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டதும் கடனுக்காகவே. கடனுக்குச் சிறை என்னும் வழக்கத்தை அந்நாடு 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் கைவிட்டது.

அவர்களின் ஆட்சியில் இருந்த நம் நாட்டில், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கு மட்டும் 1828இல் நொடித்தோருக்கான சட்டம் வந்தது. 1848இல் அது விரிவாக்கப்பட்டது. வணிக நகரங்களில் ஐரோப்பிய வணிகர்களுக்கு அது முதன்மையாகத் தேவைப்பட்டது. பிற ஊர்களில் வாழ்ந்தோருக்குத் தனிச்சட்டம் 1907இல்தான் கிடைத்தது.

அதற்குச் சற்று முன், 1906 அக்டோபரில், சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் வங்கி நிறுவனம் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதனுடன் மூழ்கியது. கடன் கொடுத்தோர் சார்பில் அன்றைய முன்னணி வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் வாதாடினார். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் பாடத்திலிருந்து எழுந்ததே 1907இல் தொடங்கப்பட்ட இந்தியன் வங்கி. இவ்வரலாற்றில் நாம் காண்பது ஒன்று: பெருஞ்செல்வர் நொடித்தபோது இரு தரப்பிலும் பெரிய வழக்குரைஞர்கள் நின்றனர். அதே காலத்தில் ஒரு நெசவாளியோ சிறு வணிகரோ நொடித்திருந்தால் அவர் பக்கம் நிற்க எவருமில்லை.

1909இல் மாநகரங்களுக்கான நொடிப்புச் சட்டமும், 1920இல் பிற பகுதிகளுக்கான மாகாண நொடிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. வியப்பு என்னவெனில், சாதாரணத் தனிமனிதர்களைப் பொறுத்தவரை இவ்விரண்டுமே இன்றும் நடைமுறையில் உள்ளன. 2016ஆம் ஆண்டின் புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிமனிதருக்கான பகுதி எழுதப்பட்டிருந்தும், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தோரைத் தவிர மற்றவர்களுக்கு அது இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டாத, சொந்த வீடில்லாத ஏழையின் 35,000 ரூபாய் வரையிலான கடனைத் தள்ளுபடி செய்யும் 'புதிய தொடக்கம்' என்னும் நல்லேற்பாடு அதில் உண்டு. அதுவும் ஏட்டளவிலேயே உறங்குகிறது.

வறுமை குற்றமன்று

சட்டங்கள் வந்தும் சிறை ஒழியவில்லை. கடன் தீர்ப்பை நிறைவேற்ற, கடனாளியைக் கைது செய்து உரிமையியல் சிறையில் வைக்கும் அதிகாரம் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. பணத்தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யலாகாது என்பதை மட்டும் அச்சட்டம் விலக்காக வைத்தது. 1936இல் செய்த திருத்தம், வசதியிருந்தும் நேர்மையின்றி மறுப்பவரையே சிறையிலிட வேண்டும் என்று வரம்பு கட்டியது. 1938இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, உழவர்களின் கடன்சுமையைக் குறைக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது.

1980ஆம் ஆண்டில், கொச்சி வங்கிக்கு எதிரான ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதனை மேலும் தெளிவாக்கினார். கடனைத் திருப்பித் தராமை மட்டுமே சிறைக்குக் காரணமாகாது. கையில் வசதியிருந்தும் தீய நோக்குடன் மறுக்கிறார் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஏழ்மையைக் குற்றமாக்குவது அரசமைப்புக்கு முரணானது என்பது அத்தீர்ப்பின் சாரம். வசதியுள்ளவன் இழுத்தடிப்பதே அநீதி என்ற நபிமொழியை ஓதியவர்களுக்கு இத்தீர்ப்பு அந்நியமாகத் தோன்றாது.

ஏழைக்கு வக்கீல் கிடைத்த கதை

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நீதிமன்றக் கட்டணம் செலுத்த இயலாதவர் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம் என்னும் விதி வெள்ளையர் காலத்திலேயே உண்டு. அத்தகையோரை ஆங்கிலத்தில் 'பாப்பர்', அதாவது பரதேசி என்று சட்டம் அழைத்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இழிவான அச்சொல்லை நீக்கி, வறியவர் என்னும் பொருளுடைய சொல்லை வைத்தது. அவர்களுக்கு நீதிமன்றமே வழக்குரைஞரை அமர்த்தித் தரவும் வழி செய்தது.

அதே 1976இல் நிறைவேறிய அரசமைப்பின் 42ஆம் திருத்தம், 39-ஏ என்னும் உறுப்பைச் சேர்த்தது. பொருளாதாரக் குறைபாட்டால் எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு அரசு இலவசச் சட்ட உதவி வழங்க வேண்டும் என்பது அதன் கருத்து. கிருஷ்ணய்யரும் பி.என். பகவதியும் தலைமையேற்ற குழுக்களின் அறிக்கைகள் எழுபதுகளில் இதற்குப் பாதை சமைத்தன. 1979இல் பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி வாடிய ஏழைகளின் வழக்கு, இலவச வழக்குரைஞர் என்பது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்ல வைத்தது. அவ்வழக்கு இன்றும் ஹுஸைனாரா காத்தூன் என்னும் ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரால்தான் சட்ட நூல்களில் வழங்குகிறது.

இவற்றின் விளைவே 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். அது 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளே இன்றும் தேசிய சட்டப்பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அச்சட்டத்தில் 'வழக்கு' என்பது நீதிமன்றத்தின் முன் நடைபெறும் எந்த நடவடிக்கையையும் குறிக்கும். எனவே நொடிப்பு மனுவும் அதனுள் அடங்கும். மாகாண நொடிப்புச் சட்டத்திற்கும் ஏழைக்கும் இடையே முக்கால் நூற்றாண்டாக நின்ற சுவர் அன்றுதான் இடிந்தது. ஆனால் சுவர் இடிந்த செய்தி இன்னும் பல வீடுகளை எட்டவில்லை.

எவர், எங்கே செல்வது?

பெண்கள், சிறார், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டோர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இவ்வுதவி உண்டு. மற்றவர்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த ஆண்டு வருமான வரம்பு பொருந்தும். அதற்குப் பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரமே போதும். நம் சகோதரிகள் இதனை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். கணவரின் கடனுக்குத் தாமும் கையொப்பமிட்டுச் சிக்கியிருக்கும் பெண், தம் வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்குரைஞரைக் கேட்கும் உரிமையுடையவர்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. நேரில் சென்று மனுக் கொடுக்கலாம். 15100 என்னும் தேசிய உதவி எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். வழக்குரைஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், மனு எழுதும் செலவு ஆகியவற்றை ஆணைக்குழுவே ஏற்கும். எவரெவருக்கு எவ்வளவு கடன், எந்நாளில் வாங்கியது, என்ன சொத்து உண்டு, என்ன வருமானம் என்பதை ஒரு தாளில் ஒழுங்காக எழுதி, பத்திரங்கள், நோட்டீசுகள், வங்கிக் கணக்கேடு ஆகியவற்றுடன் செல்வது நன்று.

நொடிப்பு மனுவைப் பற்றியும் சில செய்திகள். கடன் 500 ரூபாயை எட்டியிருந்தாலோ, பணத்தீர்ப்புக்காகக் கைதாகியிருந்தாலோ, சொத்து ஜப்தியில் இருந்தாலோ கடனாளி மனுச் செய்யலாம். கைதாகி நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் கடனாளிக்கு, நொடிப்பு மனுச் செய்யும் வழி உண்டு என்பதை நீதிமன்றமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். நொடித்தவராக அறிவிக்கப்பட்டதும் அவரது சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்கோ அது நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்கோ சென்றுவிடும்; அதன்பின் கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியே வழக்குத் தொடர இயலாது. அத்துடன் காரியம் முடிந்ததாகப் பலர் இருந்துவிடுகின்றனர். குறித்த காலத்திற்குள் விடுவிப்பு மனுவையும் கொடுக்க வேண்டும். தவறினால் அறிவிப்பே ரத்தாகிவிடும்.

விடுவிப்பிலும் எல்லை உண்டு. அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை நீங்கா. நகையையோ வீட்டையோ ஈடாகப் பெற்றவரின் உரிமையும் அழியாது. ஜாமீன் போட்டவரும் விடுபட மாட்டார். கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கேனும் சொத்து இல்லாதவர், அது தம் குற்றத்தால் நேர்ந்ததன்று என்று காட்டினாலன்றி முழு விடுவிப்புப் பெற இயலாது.

நொடிப்பு ஒன்றே வழியன்று. வழக்குரைஞர் நிலைமையை ஆராய்ந்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வதே நன்று எனலாம். அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது; அதன்மேல் மேல்முறையீடு இல்லை. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களும் அவர்களிடம் கடன்பட்டவரும் பள்ளிவாசலில் குரலுயர்த்தி வாதிட்டபோது, நபியவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கையால் சைகை காட்டி, மீதியை உடனே கொடுக்கும்படி மற்றவரைப் பணித்த வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. கந்துவட்டிக்காரரின் மிரட்டலாயின், தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் அதற்கெனத் தனித் தடைச்சட்டம் உண்டு. அதன் வழியும் அதே ஆணைக்குழுவில் தெரியவரும்.

நீதிமன்றத்திற்கு அப்பால்

ஓர் எச்சரிக்கை. மனுப் போடுமுன் வீட்டை மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ மாற்றி வைக்குமாறு சிலர் ஆலோசனை கூறுவர். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் விலையின்றிச் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். சொத்தை மறைப்பது தண்டனைக்குரியதும் ஆகும். மார்க்கத்தின்படியும் அது பிறர் பொருளை உண்பதே. ஆனால் மனைவியின் சொந்த நகை அவருடையதே. கணவர் கொடுக்காத மஹர் கடனாகும். அதற்காக மனைவியும் கடன்காரர்களுள் ஒருவராவார். இவற்றை வழக்குரைஞரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் விடுவித்துவிட்டால் அல்லாஹ்விடமும் கடன் தீர்ந்ததா என்று கேட்போர் உண்டு. இல்லை. கொடுத்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது தீர்வதில்லை. உலகச் சட்டம் நமக்குக் கொடுப்பது மூச்சுவிடும் அவகாசம். வசதி வரும் நாளில் தேடிச் சென்று கொடுக்கும் எண்ணம் நெஞ்சில் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன் பெற்றவருக்கு அல்லாஹ் துணைநிற்பான் என்பது நபியவர்களின் வாக்கு.

சமுதாயத்திற்கும் ஒரு கடமை உண்டு. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளிகளைத் திருக்குர்ஆன் தனியே வைத்திருக்கிறது. உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கடனாளிகளின் கடனைப் பொதுநிதியிலிருந்து தீர்க்குமாறு எழுதியபோது, வீடும் குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் உடையவருக்குமா என்று ஆளுநர்கள் வினவினர். அவை மனிதனின் தேவைகள், அவரும் கடனாளியே, தீர்த்து வையுங்கள் என்று அவர்கள் விடையிறுத்ததாக அபூஉபைத் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் அம்வால்' கூறுகிறது. நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் பட்டியலில் ரமளான் தோறும் எத்தனை கடனாளிகள் இடம்பெறுகின்றனர் என்பதை நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கட்டும்.

பணம் இல்லாத ஜமாஅத்தும் செய்யக்கூடியவை உண்டு. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 15100 என்னும் எண்ணையும் மாவட்ட ஆணைக்குழுவின் முகவரியையும் எழுதி வைக்கலாம். சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த அவ்வாணைக்குழுவை அழைக்கலாம். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர், கடன்பட்டவரின் வீட்டில் அமர்ந்து அவரது கணக்கை எழுதிக் கொடுத்து, நீதிமன்ற வாசல் வரை உடன் செல்லலாம். எழுத மறுக்கலாகாது என்ற இறைக்கட்டளை அவரிடம் நிறைவேறும்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தன்னை மாய்த்துக்கொண்டதைத் தமிழகம் கண்டது. மனு மேல் மனுக் கொடுத்து ஓய்ந்த குடும்பம் அது. கடனுக்கு வழி இருக்கிறது. உயிருக்கு மாற்று இல்லை. கடன்பட்டவர் எவராயினும், எம்மதத்தவராயினும், அவர் பக்கத்தில் நின்று பேச ஒருவர் இருக்கிறார் என்ற செய்தியை உரிய நேரத்தில் கொண்டு சேர்ப்பது நம் மீதுள்ள கடமையாகும்.

கடனின் சுமையிலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.